கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்: ஃபார்ம் சப்மிட் ஆன பிறகு மட்டும் ஓடும் நிரலுக்கு இது போதுமா?

வாசகர் வட்டம், முன்னாள் மாணவர் சங்கம், ரத்ததான முகாம், கோடைப் பயிலரங்கம் என்று சின்ன அமைப்புகளுக்கு ஆன்லைன் பதிவு செய்து கொடுக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஒருவர் படிவத்தை நிரப்பி அனுப்பியதும் சில வேலைகள் தானாக நடக்க வேண்டும். அவருக்கு ஒரு மெயில் போக வேண்டும், பதிவு எண் கிடைக்க வேண்டும், ஒருங்கிணைப்பாளருக்குத் தகவல் தெரிய வேண்டும், இடம் நிரம்பிவிட்டால் படிவம் மூடிக்கொள்ள வேண்டும். அனுப்பாதவரை இதில் எதுவுமே நடக்கக் கூடாது. பக்கத்தைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கெல்லாம் நிரல் ஓடினால் பதில்கள் சேரும் கூகுள் ஷீட் முழுக்க வெற்று வரிகளும் யாருக்கும் சேராத பதிவு எண்களும்தான் மிஞ்சும்.

இந்த வேலைக்காகச் சர்வர் வாடகைக்கு எடுத்து, டொமைன் வாங்கி, ஒரு பிஹெச்பி பக்கம் எழுதி, அதை வருஷா வருஷம் புதுப்பிக்கிற அளவுக்குப் பணமோ ஆளோ பெரும்பாலான சின்ன அமைப்புகளிடம் இல்லை. அவர்களுக்கு நான் கைகாட்டுவது கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது ஃபார்ம், ஷீட் போன்றவற்றைத் தானாக இயக்கும் நிரலை எழுதி கூகுளின் சர்வரிலேயே ஓட்டும் வசதி. 2009-இல் வந்த பழைய சரக்குதான். ஆனால் 2020-இல் அதன் அடியில் இருந்த எஞ்சினை, குரோம் பிரவுசரில் இருக்கும் வி8-க்கு மாற்றிய பிறகு இன்றைய ஜாவாஸ்கிரிப்டை அப்படியே எழுத முடிகிறது. கூகுள் கணக்கு இருந்தால் போதும், காசு கிடையாது. இந்த வேலைக்கு இலவசமாகக் கிடைக்கிறவற்றில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் இது எந்தக் கணத்தில் ஓடுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இறங்கினால் நீங்கள் எதிர்பார்த்தது ஒன்றாகவும் கிடைத்தது வேறாகவும் இருக்கும். இந்த விமர்சனத்தில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் அமைப்பது. கூகுள் ஃபார்மை ஒரு ஷீட்டோடு இணைத்துவிட்டு, ஷீட்டில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலில் இருக்கும் 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' என்பதைத் தட்டினால் எடிட்டர் திறக்கும். அங்கே ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, எழுதுகிறீர்கள். அதற்கு 'ஆன் ஃபார்ம் சப்மிட்' என்று பெயர் வைத்துவிட்டால் தானாக ஓடிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஏனென்றால் 'ஆன் ஓப்பன்', 'ஆன் எடிட்' இரண்டும் பெயர் வைத்தாலே ஓடும். இது ஓடாது. சப்மிட்டுக்கு ட்ரிக்கரை, அதாவது ஒரு நிகழ்வு நடந்ததும் ஃபங்ஷனை ஓட வைக்கும் இணைப்பை, நாமே நிறுவ வேண்டும். இடது ஓரத்தில் கடிகாரம் போட்ட பொத்தானைத் தட்டி, புது ட்ரிக்கர் சேர்த்து, எந்த ஃபங்ஷன், எங்கிருந்து வரும் நிகழ்வு, என்ன நிகழ்வு என்று மூன்றையும் தேர்ந்தெடுத்துச் சேமித்தால்தான் இணைப்பு உண்டாகும். அப்போது அனுமதி கேட்கும். சில அனுமதிகளுக்கு, இந்தச் செயலியை கூகுள் சரிபார்க்கவில்லை என்று ஒரு எச்சரிக்கைத் திரை வரும். நீங்களே எழுதிய நிரல், நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் 'அட்வான்ஸ்டு' வழியாகப் போகலாம். வேறு யாரோ கொடுத்த ஸ்கிரிப்டை ஒட்டியிருக்கிறீர்கள் என்றால் அந்தத் திரையில் நின்று, அது கேட்கும் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பதிவுக்கு நன்றி மெயில் அனுப்பும் ஸ்கிரிப்டுக்கு உங்கள் டிரைவ் முழுவதையும் அழிக்கும் உரிமை எதற்கு?

இந்த ட்ரிக்கர் ஃபார்ம் பக்கத்திலிருந்து பதில் அனுப்பப்படும்போது மட்டுமே சுடும், அதாவது ஓடும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நிரல் மூலமாகப் பதில் ஒன்றை உருவாக்கி அனுப்பினாலும் சுடாது, வேறு ஸ்கிரிப்ட் ஷீட்டில் வரி எழுதினாலும் சுடாது. ஆவணத்திலேயே இது தெளிவாக எழுதியிருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த குணம். ஸ்கிரிப்ட் தன்னையே மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டு சுழலும் ஆபத்து இதனால் அடியோடு இல்லாமல் போகிறது. பக்கத்தைத் திறந்தால் ஓடாது, பாதி நிரப்பி விட்டுப் போனால் ஓடாது. கட்டாயக் கேள்வியை விட்டுவிட்டு அனுப்ப முயன்றாலும் ஓடாது, ஏனென்றால் அந்தச் சோதனையை ஃபார்ம் முன்னாடியே முடித்துவிடுகிறது. சப்மிட்டுக்குப் பிறகு மட்டும் சர்வரில் நிரல் ஓட வேண்டும் என்ற தேவைக்கு இவ்வளவு சுத்தமான பதில் வேறு இடங்களில் நாமே எழுதினால்தான் கிடைக்கும்.

சோதிக்கும்போது இதே குணம் கொஞ்சம் படுத்தும். எடிட்டரில் 'ரன்' அழுத்தினால் அந்த ஃபங்ஷன் ஓடும், ஆனால் நிகழ்வு எதுவும் அதன் கைக்கு வராது, உடனே பிழை காட்டி நின்றுவிடும். நிரல் தப்பு என்று நினைத்து அதை மாற்ற ஆரம்பிக்காதீர்கள். மாதிரி நிகழ்வு ஒன்றை நாமே செய்து கொடுக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அல்லது ஃபார்மை நிஜமாகவே நிரப்பி அனுப்பிவிட்டு 'எக்ஸிக்யூஷன்ஸ்' பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அந்தப் பக்கம் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. எப்போது ஓடியது, எத்தனை நொடி எடுத்தது, எந்த வரியில் விழுந்தது எல்லாம் தெரியும். தோல்வி அறிவிப்பு மட்டும் வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் மெயிலில் வரும். ட்ரிக்கர் அமைக்கும்போதே அதை 'உடனே' என்று மாற்றிவிடுங்கள். காலையில் பதிவு திறந்து மாலையில் மூடுகிற நிகழ்ச்சிக்கு மறுநாள் வரும் அறிவிப்பால் என்ன பயன்?

ட்ரிக்கரை ஃபார்மோடு இணைப்பதா, ஷீட்டோடு இணைப்பதா என்று ஒரு கேள்வி வரும். இரண்டும் முடியும், ஆனால் கைக்கு வரும் தகவல் வேறு வேறு. ஃபார்மோடு இணைத்தால் முழுப் பதிலும் ஒரு பொருளாக வரும், அதிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கான விடையையும் எடுக்கலாம். ஷீட்டோடு இணைத்தால் விடைகள் வரிசையாகவும், கேள்வியின் தலைப்பைச் சாவியாக வைத்தும், எந்த வரியில் எழுதப்பட்டது என்ற இடத்தோடும் வரும். ஷீட்டில் பதிவு எண்ணையோ 'மெயில் போனது' என்ற குறிப்பையோ அதே வரியில் எழுத வேண்டும் என்றால் ஷீட்டுதான் வசதி. நான் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுப்பேன்.

தமிழில் கேள்வி எழுதுகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கேள்வியின் தலைப்புதான் சாவி என்பதால், யாராவது ஃபார்மில் 'பெயர்' என்பதை 'உங்கள் பெயர்' என்று மாற்றினால் ஸ்கிரிப்ட் தேடுவது கிடைக்காது. கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்திருந்தாலும் கிடைக்காது. அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று யூனிகோடில் இருக்கிறது. 'ஊர்', 'பெயர்' போன்றவற்றுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 'தொலைபேசி' என்று எழுதும்போது அந்த ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஃபார்மை ஒருவர் ஒரு கீபோர்டில் அடித்திருப்பார், ஸ்கிரிப்டை இன்னொருவர் வேறு கீபோர்டில் அடித்திருப்பார், சாவி பொருந்தாது, காரணமும் கண்ணுக்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது, ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் அதில் போட்டு எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இதைத் தேட வேண்டிய அவசியமே வந்திருக்காது. தமிழில் ஃபார்ம் செய்கிறவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும்போது அந்தப் பதில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அனுப்பியவரின் திரையில், உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது என்ற செய்தியும் வந்துவிட்டது. ஸ்கிரிப்ட்டால் அந்தப் பதிலை மறுக்க முடியாது, 'இந்த மெயில் முகவரியில் ஏற்கெனவே பதிவு இருக்கிறது' என்று அவருடைய திரையில் சொல்ல முடியாது, அவரை வேறு பக்கத்துக்கு அனுப்பவும் முடியாது. அவரோடு பேசுவதற்கு உங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வழி மெயில் மட்டும்தான். பந்தியில் இலை போட்டு உட்கார வைத்த பிறகு உங்களுக்குச் சாப்பாடு இல்லை என்று சொல்கிற நிலைமை இது, அதனால் அந்த வாக்கியம் தேவைப்படாத மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

60 இடங்கள் உள்ள பயிலரங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சப்மிட்டுக்குப் பிறகும் ஸ்கிரிப்ட் எண்ணிப் பார்த்து, 60 ஆனதும் ஃபார்மை மூடிவிடலாம், மூடியதும் என்ன செய்தி காட்ட வேண்டும் என்பதையும் தமிழிலேயே கொடுக்கலாம். இந்த வசதி உள்ளே இருக்கிறது, அருமையாக வேலை செய்கிறது. ஆனால் சப்மிட்டுக்கும் ஸ்கிரிப்ட் ஓடுவதற்கும் நடுவில் சில நொடிகள் இருக்கின்றன. வாட்ஸ்ஆப் குழுவில் இணைப்பைப் போட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிரப்புவார்கள். 58-ஆவது, 59-ஆவது ஆள் அனுப்புகிற அதே நொடியில் இன்னும் நாலைந்து பேர் அனுப்பியிருப்பார்கள், அவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். அதனால் ஃபார்மிலேயே 'உறுதி மெயில் வந்தால் மட்டுமே இடம் உறுதி' என்று எழுதிவிட்டு, 60-க்குள் வந்தவர்களுக்கு உறுதி மெயிலும் மற்றவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல் மெயிலும் போகிற மாதிரி நிரலை எழுதுவதுதான் சரி.

பதிவு எண் ஒதுக்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் 30 ஓட்டங்கள் வரை நடக்கலாம் என்பது இதன் வரம்பு. அப்படியென்றால் உங்கள் ஃபங்ஷனின் இரண்டு பிரதிகள் ஒரே சமயத்தில் ஓடி, இரண்டும் கடைசி எண்ணை ஒன்றாகவே படித்து, இரண்டு பேருக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட முடியும். இதற்காகவே, ஒரு நேரத்தில் ஒரு பிரதி மட்டும் எழுதும்படி பூட்டு போடும் 'லாக் சர்வீஸ்' இருக்கிறது. பூட்டை வாங்கு, எண்ணைப் படி, ஒன்று கூட்டு, எழுது, ஷீட்டில் எழுதியது முழுவதும் உடனே பதியும்படி 'ஃப்ளஷ்' செய், பூட்டை விடு. இவ்வளவுதான், நான்கைந்து வரிகள், ஆனால் பல பேருடைய ஸ்கிரிப்டில் இவை இருப்பதில்லை. இன்னொன்று, எண்ணை வரிகளின் எண்ணிக்கையிலிருந்து எடுக்காதீர்கள். யாராவது சோதனைக்காக அனுப்பிய வரியை ஷீட்டிலிருந்து அழித்தால் எண்கள் மறுபடி வரும். 'ப்ராப்பர்ட்டீஸ் சர்வீஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, கடைசி எண்ணை அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பதிலைத் திருத்தும் வசதியை ஃபார்மில் திறந்து வைத்திருந்தால், ஒருவர் திருத்தி மறுபடி அனுப்பும்போதும் ட்ரிக்கர் சுடும். அப்போது ஷீட் வழியாகக் கைக்கு வரும் விடைகளில் அவர் மாற்றிய விடைகள் மட்டும் இருக்கும், மாற்றாதவை வெற்றாக இருக்கும். அதை நம்பி மெயில் அனுப்பினால் 'அன்புள்ள' என்பதற்குப் பிறகு பெயரே இல்லாத மெயில் போகும், புதுப் பதிவு எண்ணும் போகும். நிகழ்வில் வரும் விடைகளை நம்பாமல், எந்த வரி என்ற இடத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த வரி முழுவதையும் ஷீட்டிலிருந்து மறுபடி படியுங்கள். அந்த வரியில் ஏற்கெனவே பதிவு எண் இருந்தால் அது திருத்தம், இல்லையென்றால் புதுப் பதிவு. இந்த ஒரு சோதனை பல சிக்கல்களைத் தடுக்கும்.

ஃபார்மின் தோற்றம் பிடிக்காமல், அல்லது நான் மேலே சொன்ன 'மறுக்க முடியாது' என்ற குறைக்காக, சிலர் இதே ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சொந்தமாக வலைப்பக்கம் செய்வார்கள். இங்கே விதிகள் வேறு, கவனமும் கூடுதலாக வேண்டும். 'டூ கெட்' என்று ஒரு ஃபங்ஷன் எழுதினால், உங்கள் பக்கத்தின் முகவரியை யார் திறந்தாலும் அது ஓடும். 'டூ போஸ்ட்' என்று எழுதினால், அந்த முகவரிக்குப் படிவம் ஒன்று அனுப்பப்படும்போது ஓடும். பக்கத்தைக் காட்டுகிற வேலையையும் ஷீட்டில் எழுதுகிற வேலையையும் சேர்த்து 'டூ கெட்'டிலேயே போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்புறம் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வெற்று வரி சேர்ந்துகொண்டே போகும். 'விடை வந்திருக்கிறதா என்று ஒரு நிபந்தனை போட்டால் போதாதா' என்று கேட்பார்கள். போதாது. முகவரியிலேயே விடைகள் ஒட்டியிருக்கும் இணைப்பை யாராவது பகிர்ந்தால், அதைப் பெற்றவர் திறந்தாலும் எழுதப்படும், அந்த இணைப்புக்கு முன்னோட்டம் காட்டப் போய்ப் பார்க்கும் செயலி திறந்தாலும் எழுதப்படும்.

இது இன்றைக்கு வந்த பிரச்சினை இல்லை. 1995-இல் எழுதப்பட்ட ஹெச்டிஎம்எல் 2.0 விதிகளிலேயே, பின்விளைவு இல்லாத தேடல் போன்றவற்றுக்குத்தான் கெட், எதையாவது மாற்றுகிற படிவத்துக்குப் போஸ்ட் என்று இருக்கிறது. அதை மதிக்காமல் எழுதப்பட்ட தளங்களுக்கு என்ன நடக்கும் என்பதை 2005 மே மாதம் வந்த கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் காட்டியது. பக்கத்தில் இருக்கும் இணைப்புகளை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்வது அந்த மென்பொருளின் வேலை. 'அழி' என்று சாதாரண இணைப்பாகப் போட்டிருந்த தளங்களில் அது அந்த இணைப்புகளையும் திறந்தது, பயனரின் தகவல்கள் அழிந்தன. 20 ஆண்டுகள் ஆகிவிட்டன, ஆனாலும் அதே மாதிரி நிரல் இன்னும் எழுதப்படுகிறது. எழுதுவது எதுவாக இருந்தாலும் 'டூ கெட்' காட்டுவதற்கு மட்டும், இதில் சலுகையே வேண்டாம்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சொந்தப் பக்கம் செய்யும்போது 'டூ போஸ்ட்'டைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து 'கூகுள் ஸ்கிரிப்ட் ரன்' வழியாகச் சர்வரில் இருக்கும் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட்டு, படிவம் முழுவதையும் ஒரே பொருளாகக் கொடுத்துவிடலாம். வெற்றி என்றால் என்ன காட்ட வேண்டும், தோல்வி என்றால் என்ன காட்ட வேண்டும் என்று இரண்டு வழிகளும் தனித்தனியாக இருக்கின்றன. இப்போது 'இடம் நிரம்பிவிட்டது', 'இந்த எண்ணில் ஏற்கெனவே பதிவு உள்ளது' என்று அவருடைய திரையிலேயே, அவர் காத்திருக்கும்போதே சொல்ல முடியும். ஃபார்மில் கிடைக்காத வசதி இதுதான். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தாலும் 'டூ கெட்'தான் ஓடும், படிவம் இரண்டாவது முறை போகாது. சாதாரணச் சர்வர்களில் இதற்காகவே போஸ்ட் முடிந்ததும் 303 என்ற பதிலோடு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள், இங்கே அந்த வேலை மிச்சம். ஆனால் பொத்தானை இரண்டு முறை தட்டினால் இரண்டு முறை போகும். முதல் தட்டலிலேயே பொத்தானை முடக்கிவிட்டு, தோல்வி வந்தால் மட்டும் மறுபடி திறந்துவிடுங்கள். படிவத்தின் வழக்கமான சப்மிட்டையும் நிரலில் தடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பக்கம் வெறுமையாகிவிடும்.

இதில் ஒரு பாதுகாப்பு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. இப்படிக் கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்கள் எவை என்று நீங்கள் பட்டியல் கொடுப்பதில்லை. ஸ்கிரிப்டில் மேல்மட்டத்தில் இருக்கும் எல்லா ஃபங்ஷன்களையுமே பக்கத்துக்கு வந்தவர் பிரவுசரின் கன்சோலிலிருந்து கூப்பிட முடியும், படிவத்தை நிரப்பாமலேயே, தனக்கு வேண்டிய எந்த மதிப்பைக் கொடுத்தும். 'பழைய பதிவுகளை அழி' என்று உங்கள் வசதிக்காக எழுதி வைத்த ஃபங்ஷனும் அதில் சேர்த்தி. பெயரின் கடைசியில் ஒரு அடிக்கோடு போட்டுவிட்டால் அந்த ஃபங்ஷன் வெளியிலிருந்து தெரியாது. உதவி ஃபங்ஷன்கள் அனைத்துக்கும் அதைப் போடுங்கள். வெளியே தெரிய வேண்டிய ஒன்றே ஒன்றில், வந்த மதிப்புகளைச் சர்வர் பக்கத்திலும் முழுவதுமாகச் சரிபாருங்கள், பக்கத்தில் செய்த சரிபார்ப்பு நல்லவர்களின் வசதிக்கு மட்டுமே உதவும். ஷீட்டில் எழுதும்போது சமக்குறியில் தொடங்கும் விடை வந்தால் அது சூத்திரமாக ஓடும் என்பதையும் நினைவில் வைத்து, அப்படிப்பட்டவற்றின் முன்னால் ஒற்றை மேற்கோள் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

மெயில் வரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டமிடுவதே அதை வைத்துத்தான். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் மூலம் நாளுக்கு 100 பேருக்கு அனுப்பலாம், நிறுவனங்களுக்கான வொர்க்ஸ்பேஸ் கணக்கு என்றால் 1,500. ஆட்களின் எண்ணிக்கை அது, மெயில்களின் எண்ணிக்கை இல்லை. பதிவு செய்தவருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் போனால் ஒரு பதிவுக்கு இரண்டு கணக்கு. அப்படியானால் 50 பதிவிலேயே அன்றைய ஒதுக்கீடு முடிந்தது. ஒருங்கிணைப்பாளருக்கு ஒவ்வொன்றாக அனுப்பாமல் மாலையில் ஒரே தொகுப்பாக அனுப்புங்கள். மீதி எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் வசதி இருக்கிறது, அனுப்புவதற்கு முன் அதைக் கேட்டு, இல்லையென்றால் அந்த வரியில் 'பாக்கி' என்று குறித்து வைத்து, மறுநாள் நேரம் வைத்து ஓடும் ட்ரிக்கர் ஒன்று மீதியை அனுப்புகிற மாதிரி செய்துவிடலாம். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம், ட்ரிக்கர்கள் அனைத்துக்கும் சேர்த்துச் சாதாரணக் கணக்கில் நாளுக்கு 90 நிமிடம் என்ற வரம்புகளும் உண்டு. நன்றி மெயில் மட்டும் அனுப்புகிறவர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

சான்றிதழ் தருகிறவர்கள் போவார்கள். 2020 ஊரடங்கில் நம் கல்லூரிகள் இணையவழிக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கியதிலிருந்து, கருத்துப் படிவத்தை நிரப்பியதும் மின்சான்றிதழ் வந்து சேர வேண்டும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பும் ஆகிவிட்டது. கூகுள் டாக்ஸில் ஒரு வார்ப்புரு வைத்து, அதை நகலெடுத்து, பெயர் வர வேண்டிய இடத்தில் வைத்த இடக்குறியைப் பெயராக மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, மெயிலில் இணைத்து அனுப்புவதை இந்த ஸ்கிரிப்ட் நன்றாகச் செய்யும். நகலைச் சேமித்து மூடிவிட்டுத்தான் பிடிஎஃப் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெயருக்குப் பதிலாக அந்த இடக்குறியே அச்சாகி வரும். வார்ப்புருவுக்கு யூனிகோடு தமிழ் எழுத்துருதான் வேண்டும். டிடிபி கடையில் பாமினி என்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததைக் கொண்டுவந்து ஒட்டினால், செல்பேசியில் யூனிகோடில் அடிக்கப்பட்டு வரும் பெயரோடு அது ஒருபோதும் ஒட்டாது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மணிநேரத்தில் படிவம் அனுப்பும் நிகழ்ச்சி என்றால் சப்மிட்டிலேயே சான்றிதழ் செய்யாமல், சப்மிட்டில் வரிசையில் சேர்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவதுதான் முறை.

எனக்கு இதில் பிடிக்காதது ட்ரிக்கரின் உரிமை விவகாரம். ட்ரிக்கரை யார் நிறுவினாரோ அவருடைய கணக்கில்தான் அது எப்போதும் ஓடும், மெயிலும் அவர் பெயரிலிருந்துதான் போகும். அதே ஷீட்டில் எடிட் உரிமை உள்ள இன்னொருவர் திறந்து பார்த்தால் முதல் ஆள் வைத்த ட்ரிக்கர் கண்ணில் படாமல் போகலாம். அவர் 'ட்ரிக்கர் இல்லையே' என்று தானும் ஒன்று வைப்பார், அப்புறம் எல்லோருக்கும் இரண்டிரண்டு மெயில் போகும். ஃபார்மையும் ஷீட்டையும் அடுத்த வருடத்துக்காக நகல் எடுத்தால் ஸ்கிரிப்ட் கூடவே வரும், ட்ரிக்கர் வராது. மறுபடி நிறுவ வேண்டும். சங்கச் செயலாளர் வருடா வருடம் மாறுகிற அமைப்புகளில் இது பெரிய விஷயம். அமைப்பின் பெயரில் பொதுவான கணக்கு ஒன்று வைத்து, ட்ரிக்கரை அதிலிருந்து மட்டும் நிறுவி, ஷீட்டின் ஒரு தாளில் 'எந்தக் கணக்கில் என்ன ட்ரிக்கர் இருக்கிறது' என்று எழுதி வைத்துவிடுங்கள். ஒரே கணக்கு, ஒரே ட்ரிக்கர், அதில் மாற்றமே வேண்டாம்.

எதற்கெல்லாம் இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் வேலைக்கு கூகுள் ஃபார்மும் அதன் ட்ரிக்கரும் சரிப்படாது, பணம் வந்ததா என்று தெரிவதற்கு முன்னாலேயே பதிவு முடிந்துவிடுகிறது. யுபிஐ பரிவர்த்தனை எண்ணைப் படிவத்தில் கேட்டு வாங்கிச் சமாளிக்கிறார்கள், ஆனால் அந்த எண் உண்மையா என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிய வழியில்லை, ஒரு மனிதர் வங்கிக் கணக்கோடு உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பேமென்ட் கேட்வேயும் முறையான சர்வரும் வேண்டும். ஒவ்வொரு நொடியும் பதிவு வந்துகொண்டே இருக்கும் பெரிய நிகழ்ச்சிகளுக்கும் வேண்டாம். கடவுச்சொல் கேட்கும் எந்த வேலைக்கும் வேண்டாம், கூகுளே ஒவ்வொரு ஃபார்மின் அடியிலும் கடவுச்சொல்லை இதில் அனுப்பாதீர்கள் என்றுதான் எழுதியிருக்கிறது.

ஆதார் நகலை ஃபார்மில் கேட்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். ஷீட்டின் இணைப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது, அதில் எத்தனை பேர் இன்னும் அமைப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலான சங்கங்களில் பதில் கிடையாது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அதைத் தவிர்த்துப் பார்த்தாலும், ஒருநாள் பயிலரங்கத்துக்கு வருகிறவரின் ஆதார் எதற்கு? பெயர், ஊர், மெயில், தொலைபேசி, இவ்வளவுதான் தேவை. நிகழ்ச்சி முடிந்து சில வாரங்கள் ஆனதும் அந்த ஷீட்டை அழிக்கும் வேலையையும் நேரம் வைத்து ஓடும் ட்ரிக்கர் ஒன்றிடம் கொடுத்துவிடலாம், அதற்கும் இதே ஸ்கிரிப்ட் போதும்.